ஒரு பதிலை எத்தனை முறை சொல்லலாம்?

"அண்ணா, பை மழையில நல்லா நனைஞ்சிருச்சு, வெயில்ல காயப் போடலாமா?" என்று ஒரு நாள் காலையிலேயே குரல் செய்தி வந்திருந்தது. நான் தோலில் பை, பணப்பை, இடுப்பு வார் செய்து விற்கிறவன். பட்டறையில் என்னையும் சேர்த்து மூன்று பேர். பதில் எழுத விரலை வைத்தபோது, இதையே போன வாரமும் யாருக்கோ எழுதினோமே என்று தோன்றியது. வாட்ஸ்அப்பில் 'வெயில்' என்று போட்டுத் தேடினேன். இரண்டு மாதத்துக்குள் 19 பேருக்கு அதே பதிலை எழுதியிருந்தேன். சிலருக்கு ஒரு வரி, சிலருக்கு நீளமாக. ஒரே ஒருவருக்கு மட்டும், வெயிலில் ஏன் வைக்கக் கூடாது என்கிற காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தேன்.

அதே இரண்டு மாதமும், 'இன்றைக்கு என்ன போஸ்ட் போடுவது' என்று தெரியாமல், வேலை முடிந்த பிறகு இரவு பத்து மணிக்கு மேல் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 19 பேர் கேட்டு வாங்கிப்போன பதில் என் கையிலேயே இருந்திருக்கிறது. தனித்தனி உரையாடல்களில் சிதறிக் கிடந்ததால் அது என் கண்ணில் படவில்லை.

அதற்கு முந்தைய வருடம் இந்த வேலையை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தேன். மாதத்துக்கு 20 பதிவு என்று பேச்சு, சொன்னபடி 20 பதிவும் வந்தன. காலை வணக்கம், பொன்மொழி, 'தரமே எங்கள் அடையாளம்' என்கிற வாசகம், அதற்குப் பின்னால் இணையத்தில் எடுத்த யாருடையதோ ஒரு பை. என் பட்டறையின் ஒரு தையல்கூட ஒரு படத்திலும் இல்லை. அந்தப் பதிவுகளை அப்படியே எடுத்து வேறொரு கடைக்குப் போட்டு, பெயரை மட்டும் மாற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டேன். பணம் போனதைவிட, அந்த ஆறு மாதமும் என்னிடம் வாங்கியவர்களோடு நான் பேசவே இல்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சரி, மழைக்கு வருகிறேன். அந்த 19 பதில்களையும் ஒரே இடத்தில் ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒரே பதிலாக எழுதினேன். தேய்க்காமல் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பது, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, வடிவம் குலையாமலிருக்கக் காகிதத்தைக் கசக்கி உள்ளே அடைப்பது, நிழலில் காற்று வரும் இடத்தில் ஒன்றிரண்டு நாள் விடுவது, முடி உலர்த்தும் கருவி பக்கத்திலேயே போகாமலிருப்பது, முழுதாகக் காய்ந்த பிறகுதான் மெல்லிதாக மெழுகு தடவுவது, ஈரம் போகுமுன் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிப்பது. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினேன். ஈரத்தோடு இருக்கும் தோலில் சூடு ஏறினால் அதன் நார்கள் சுருங்கி விறைத்துப் போகின்றன. மரப்பட்டைகளிலிருந்து எடுக்கும் சாறுகளால் வாரக்கணக்கில் பதனிட்ட தோல், ஒன்றிரண்டு நாளில் குரோமியம் உப்பால் பதனிட்ட தோலைவிட இந்த விஷயத்தில் சீக்கிரமே கெடும். என் பைகளில் பாதி முதல் வகை. வாங்கியவருக்கு அது தெரியாது, நானும் சொன்னதில்லை. எழுதி முடித்தபோது 1,400 சொற்கள் வந்திருந்தன. என் இணையதளத்தில் போட்டேன்.

அந்தக் கட்டுரையை எழுதி இப்போது மூன்று வருடம் ஆகிறது. அதிலிருந்து ஐந்து குறும்படங்கள், ஒரு நீளமான யூடியூப் காணொளி, பையோடு வைத்துக் கொடுக்கும் கையளவு அட்டை, மழைக்காலம் தொடங்கும்போது அனுப்பும் மின்னஞ்சல், படம் படமாகத் தள்ளிப் பார்க்கிற ஒரு இன்ஸ்டாகிராம் பதிவு, வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டால் ஒரு தட்டில் அனுப்புகிற தயார்ப் பதில் என்று என்னென்னவோ செய்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் தாய் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். சிறு தொழில் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: தினமும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கப் பாடுபடாதீர்கள், மாதத்துக்கு ஒரு கேள்விக்கு முழுமையாகப் பதில் எழுதுங்கள், பிறகு அந்தப் பதிலையே ஆளுக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எந்தக் கேள்வி என்று யோசிக்கவே வேண்டாம். உங்கள் போனில் இருக்கும் பழைய உரையாடல்களைப் படித்துப் பாருங்கள்.

'அப்படியே எடுத்து எல்லா இடத்திலும் போட்டுவிட வேண்டியதுதானே' என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் செய்தேன், அது எடுபடவில்லை. ஏன் எடுபடவில்லை என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது.

முதல் காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. நாம் எழுதுகிற தமிழ் வேறு, பேசுகிற தமிழ் வேறு. கட்டுரையை முன்னால் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்து வாசித்தேன்: 'தோல் பையை ஈரத்துடன் மூடி வைத்தல் கூடாது.' செய்தி வாசிப்பது போல இருந்தது. பட்டறையில் என்னோடு வேலை செய்யும் தம்பி பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க கஸ்டமர்கிட்ட இப்படியா பேசுவீங்க?" என்றான். அவனையே எதிரில் உட்கார வைத்து, காகிதத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, அவனுக்குச் சொல்வது போலச் சொன்னேன். 'ஈரமா இருக்கும்போது மூடி வெச்சிராதீங்க, நாலே நாள்ல வெள்ளை வெள்ளையா பூஞ்சை வந்துரும்.' ஒரே தடவையில் முடிந்தது. தமிழில் கட்டுரையைக் காணொளியாக்குவது கிட்டத்தட்ட ஒரு மொழிபெயர்ப்பு வேலை. திரும்பும் வழியும் அப்படித்தான். பேசியதை அப்படியே எழுத்தாக்கினால், கேட்கும்போது இயல்பாக இருந்த 'வந்து', 'அது என்னன்னா' எல்லாம் படிக்கும்போது கண்ணைக் குத்துகின்றன. இரண்டு பக்கமும் கை வைக்காமல் மாற்ற முடியாது.

வழிநூல், அதாவது முன்பே உள்ள ஒரு நூலை வைத்துச் செய்யும் நூல், அதற்குத் தொல்காப்பியத்தின் மரபியல் நான்கு வகை சொல்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது எதற்குப் பயன்படும் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இந்த நான்கையும் எழுதி வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஒரு பதிலை வைத்து நான் செய்கிற எல்லாமே இந்த நான்குக்குள் அடங்கிவிடுகின்றன. 1,400 சொல்லை 30 வினாடியாக்கினால் தொகுத்தல். 'மெழுகு தடவுங்கள்' என்ற ஒரு வரியை எடுத்து, எந்த மெழுகு, எவ்வளவு, எந்தத் துணியால் என்று தனிக் காணொளியாக்கினால் விரித்தல். சில இடங்களைச் சுருக்கிச் சிலவற்றைப் பெருக்குகிற மின்னஞ்சல் தொகைவிரி. எழுத்தைப் பேச்சாக்குவது மொழிபெயர்த்தல். எதையாவது திரும்பப் போடுவதற்கு முன்னால், இந்த நான்கில் எதைச் செய்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். எதுவுமே இல்லை, வெறுமனே நகலெடுக்கிறேன் என்றால் அன்றைக்குப் போட மாட்டேன்.

இந்த நான்கிலும் ஆபத்தானது தொகுத்தல்தான். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வாடிக்கையாளரின் பை.

கட்டுரையில் மெழுகைப் பற்றி எழுதியபோது தெளிவாகவே எழுதியிருந்தேன்: வழவழப்பான மேற்பரப்பு உள்ள தோலுக்கு மட்டும், பூப்போல மெத்தென்று இழை தெரியும் ஸ்வேட் தோலுக்கு மெழுகோ எண்ணெயோ ஆகவே ஆகாது. 30 வினாடிக் குறும்படத்துக்குச் சுருக்கியபோது அந்த நிபந்தனை போய்விட்டது. நீக்க வேண்டும் என்று நினைத்து நீக்கவில்லை. நேரம் போதவில்லை, எதை எடுக்கலாம் என்று பார்த்தபோது 'மட்டும்', 'ஆனால்' என்று வரும் வாக்கியங்கள்தான் முதலில் கண்ணில் பட்டன. குறும்படம் நன்றாகப் போனது. மற்ற எதையும்விட அதிகம் பேர் பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு அம்மா, தன் மகளின் ஸ்வேட் பையைப் படம் எடுத்து அனுப்பினார். முன்பக்கம் முழுக்கக் கறுத்து, இழையெல்லாம் ஒட்டிப் படிந்து கிடந்தது. "நீங்க சொன்ன மாதிரிதான் தம்பி செஞ்சேன்" என்று எழுதியிருந்தார். கோபமே இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்தப் பை நான் செய்ததுகூட இல்லை, வேறெங்கோ வாங்கியது. வரவழைத்து, முன்பக்கத் துண்டைப் பிரித்தெடுத்து, புதிய தோல் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். குறும்படத்தை அன்றே நீக்கிவிட்டு, மறுபடி எடுத்தேன். இந்த முறை முதல் வாக்கியமே 'ஸ்வேட் பை வெச்சிருக்கிறவங்க இதைச் செய்யாதீங்க' என்று வைத்தேன்.

அதற்குப் பிறகு எதைச் சுருக்கினாலும், முதலில் அந்தக் கட்டுரையில் உள்ள 'ஆனால்', 'மட்டும்', 'தவிர' எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிடுகிறேன். சுருக்கத்தில் அவற்றுக்கு இடமில்லை என்றால், அந்தக் குறிப்பையே விட்டுவிட்டு வேறு குறிப்பை எடுத்துக்கொள்கிறேன். ஒற்றி எடுப்பது, நிழலில் காயவைப்பது இரண்டும் நிபந்தனை இல்லாமல் சொல்லக்கூடியவை, 30 வினாடிக்கு அவை போதும். மருந்து, மின்சாதனம், குழந்தைகளுக்கான பொருள் என்று விற்கிறவர்கள் இதில் என்னைவிடப் பல மடங்கு கவனமாக இருக்க வேண்டும். எங்களுடையது பை, திரும்பத் தைத்துவிடலாம்.

படம் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு போன், ஒரு முக்காலி, பட்டறையின் ஜன்னல். யூடியூபின் நீளக் காணொளிக்கு 16:9 என்று படுக்கைவாட்டம் வேண்டும், ரீல்ஸ், ஷார்ட்ஸ், ஸ்டேட்டஸ் எல்லாவற்றுக்கும் 9:16 என்று நெட்டுவாட்டம். முதலில் இரண்டு தடவை தனித்தனியாக எடுத்தேன், ஒரு நாள் வேலை அதிலேயே போனது. இப்போது 4கே தரத்தில் படுக்கைவாட்டமாக ஒரே தடவைதான் எடுக்கிறேன், ஆனால் கையும் பையும் எப்போதும் நடுவில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். படுக்கைவாட்டப் படத்தின் நடுவிலிருந்து நெட்டுவாட்டத் துண்டு ஒன்றை வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் மிஞ்சும். 4கே படத்தின் உயரம் 2160 புள்ளி என்பதால் அந்தத் துண்டு 1215-க்கு 2160 என்று வரும், ரீல்ஸுக்கு வேண்டிய 1080-க்கு 1920-ஐவிடப் பெரியது, எனவே படம் மங்காது. நடுவில் அந்த மூன்றில் ஒரு பங்கு எங்கே முடிகிறது என்று தெரிய, மேசையில் இரண்டு பக்கமும் நூலை ஒட்டி வைத்திருக்கிறேன். அந்த நூலைத் தாண்டிக் கை போகாமல் தைப்பதற்கு ஒரு வாரம் பழக வேண்டியிருந்தது.

இன்னொன்று, எடுக்கும்போதே காலத்தைச் சொல்லாமலிருப்பது. 'இந்த வாரம்', 'புதுசா வந்திருக்கு', விலை, தள்ளுபடி எதையும் வாயால் சொல்வதில்லை. அவற்றைப் பதிவின் கீழே எழுதும் குறிப்பில் போட்டுக்கொள்ளலாம், நாளைக்கு மாற்றலாம். வாயால் சொன்னால் அந்தக் காணொளிக்கு வயது வந்துவிடும். பழைய காணொளி ஒன்றில் நான் காட்டிய பச்சை நிறத் தோல் கிடைக்காமல் போய் இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் அதைக் கேட்டு வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

எடுத்த காணொளியின் சுத்தமான மூலக் கோப்பு எப்போதும் நம்மிடம் இருக்க வேண்டும். எழுத்து ஒட்டாதது, பாட்டு சேர்க்காதது. ஒரு செயலியில் போட்டதை அங்கிருந்தே தரவிறக்கி இன்னொன்றில் போடுவது சுலபம்தான், ஆனால் அந்தச் செயலியின் பெயர் முத்திரை (வாட்டர்மார்க்) படத்தில் கூடவே வந்துவிடும். வேறு செயலியின் முத்திரையோடு வரும் ரீல்ஸைப் புதியவர்களுக்குக் குறைவாகவே பரிந்துரைப்போம் என்று இன்ஸ்டாகிராம் 2021-லேயே சொல்லிவிட்டது. பாட்டும் அப்படித்தான். ஒரு செயலி தன் நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்ள விடும் பாட்டு அந்தச் செயலிக்கு மட்டும்தான் உரிமை பெற்றது, அதை வெளியே கொண்டுபோக முடியாது. வணிகக் கணக்குகளுக்கு அந்த நூலகம்கூட முழுதாகத் திறப்பதில்லை. நான் பாட்டே சேர்ப்பதை விட்டுவிட்டேன். ஊசி தோலைத் துளைத்து நூல் இழுபடும் சத்தம் போதும். அதைக் கேட்கத்தான் பார்க்கிறோம் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

சத்தமே இல்லாமல் பார்க்கிறவர்களும் உண்டு, அவர்களுக்காகத் திரையில் எழுத்து வேண்டும். தானாக எழுதித் தரும் கருவிகள் தமிழில் இப்போது பரவாயில்லை, ஆனாலும் ஒவ்வொரு வரியையும் படித்துத்தான் விடவேண்டும். ஒரு தடவை 'தோல்' எல்லாம் 'தோள்' என்று வந்திருந்தது. 'தோளை ஒற்றி எடுங்கள்' என்று போயிருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்கள் எழுத்து எண்ணிக்கை விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவின் குறிப்பு 2,200 எழுத்து வரை போகலாம் என்பார்கள். அது நம் எழுத்துக் கணக்கு இல்லை. 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து குறி, ஏனென்றால் மகரத்தின் மேல் உள்ள கொக்கியையும் ழகரத்தின் மேல் உள்ள புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஆகவே நினைத்ததைவிட முன்னாலேயே இடம் தீர்ந்துவிடும். 'மேலும்' என்று தட்டுவதற்கு முன் கண்ணில் படுவது முதல் ஒன்றிரண்டு வரிகள்தான், தமிழில் அது ஒரு வாக்கியம்கூட முழுதாக வராத இடம். அதனால் முதல் வரியில் கேள்வியை வைக்கிறேன், வாடிக்கையாளர் கேட்ட அதே சொற்களில். 'தோல் பொருள் பராமரிப்பு வழிமுறைகள்' என்று தலைப்பு வைத்திருந்த கட்டுரையை 'தோல் பை மழையில் நனைந்தால் என்ன செய்வது?' என்று மாற்றிய பிறகுதான் கூகுள் தேடலிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 'சர்ச் கன்சோல்' என்று கூகுளே இலவசமாகத் தரும் கருவியில், என்னென்ன சொற்களைத் தேடி வந்தார்கள் என்று பார்க்கலாம். நான் பார்த்தபோது பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடியிருந்தார்கள், 'நாத்தம்', 'பூஞ்ச', 'கறை' என்று. என் கட்டுரையில் 'துர்நாற்றம்' என்று இருந்தது. மாற்றிவிட்டேன்.

இதைப் படிக்கும் பலருக்கும் மனதில் இருக்கும் பயம் எனக்கும் இருந்தது: திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைச் சொன்னால் சலித்துப் போக மாட்டார்களா? இதை யோசித்து ஒரு வருடம் வீணாக்கினேன். நாம் ஒரு பதிவைச் செய்யும்போது எழுதி, எடுத்து, வெட்டி, சரிபார்த்து, போட்டு, பிறகு யார் பார்த்தார்கள் என்றும் போய்ப் போய்ப் பார்க்கிறோம். அதற்குள் நமக்கு அது ஐம்பது தடவை பார்த்ததாகிவிடும். எதிரில் இருப்பவருக்கு அது முதல் தடவை, பெரும்பாலும் அந்த முதல் தடவையும் வாய்ப்பதில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. ஒரே செய்தியைப் பலருக்கும் ஒன்றாக அனுப்பும் வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேர்தான், அதிலும் நம் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அதையும் தாண்டிச் சேர்ந்தாலும், பை நனையாத நாளில் நனைந்த பையைப் பற்றிப் படித்து யார் நினைவில் வைத்திருப்பார்கள்? கேள்வி எழும் நாளில் பதில் கண்ணெதிரில் இருக்க வேண்டும். அந்த நாள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. மூன்று வருடமாக அந்தக் கட்டுரையின் ஏதோ ஒரு வடிவம் என் பக்கங்களில் போய்க்கொண்டே இருக்கிறது, 'இதை ஏற்கெனவே போட்டீர்களே' என்று இதுவரை இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேருமே என்னைப் போலக் கைத்தொழில் செய்கிறவர்கள்.

மூலம் ஏன் சொந்த இணையதளத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நாளை இன்றும் நினைத்துக்கொள்வேன். 2021 அக்டோபர் 4, பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் ஒரே நேரத்தில் உலகம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றுபோயின. என் மொத்தத் தொழிலும் அந்த மூன்றுக்குள்தான் இருந்தது. வாங்கியவர்களின் எண்கள்கூட வாட்ஸ்அப் உரையாடல்களுக்குள்தான் கிடந்தன, தனியாக எழுதி வைத்ததில்லை. ஆறு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது, ஆனால் வராமலே போனவையும் உண்டு. 'வைன்' என்ற குறும்படச் செயலி 2017 ஜனவரியில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு மூடப்பட்டது. அங்கே வருடக்கணக்கில் எழுதிச் சேர்த்தவர்கள் எடுத்து வைத்தது மட்டும்தான் மிச்சம். அடுத்தவர் இடத்தில் கடை விரிப்பதில் தவறில்லை, ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சரக்கையும் கணக்கையும் அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாது. கட்டுரை, மூலக் காணொளி, மின்னஞ்சல் பட்டியல் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் தண்டிக்கும் என்று ஒருவர் பயமுறுத்தினார். தேடல் முடிவில் எதைக் காட்டுவது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்குமே தவிர, அதற்காகத் தண்டனை என்று எதுவும் இல்லை என்று கூகுளே பல முறை விளக்கியிருக்கிறது. அந்த ஒன்று நம்முடையதாக இருக்க, முதலில் நம் தளத்தில் போட்டுவிட்டுப் பிறகு மற்ற இடங்களுக்குப் போவது நல்லது.

வாங்கியவர்கள் அனுப்பும் படங்களைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நான்கு வருடம் தோளில் தொங்கி, பக்கங்களெல்லாம் மெருகேறி, கருந்தேன் நிறத்துக்கு வந்துவிட்ட ஒரு பையின் படம் சொல்வதை நான் எத்தனை பக்கம் எழுதினாலும் சொல்ல முடியாது. ஆனால் அது அவர் எடுத்த படம், உரிமை அவருடையது. 'படம் அனுப்பினாரே' என்பது அனுமதி ஆகாது. எங்கே போடப் போகிறேன், பெயர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, அவர் எழுத்தில் சரி என்ற பிறகுதான் எடுப்பேன். ஒரே ஒருவர் வேண்டாம் என்றார், வீட்டுக்குள் எடுத்த படம் என்று. அவர் சொன்னது நியாயம்தான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பேசிய பேச்சை எழுத்தாக்கித் தருவதற்கு நான் தினமும் பயன்படுத்துகிறேன், நேரம் மிச்சமாகிறது. கட்டுரையைக் கொடுத்து ஐந்து பதிவு எழுதித் தரச் சொன்னபோது மட்டும் ஏமாற்றமாக இருந்தது. பூஞ்சையும் காகிதமும் கறையும் போய், 'உங்கள் தோல் பையின் ஆயுளை நீட்டுங்கள்' என்று வந்தது. அந்த நிறுவனம் ஆறு மாதம் போட்டுத் தந்த பதிவுகளைப் போலவே இருந்தது. சுருக்கும்போது எது போகலாம், எது போகக் கூடாது என்பது ஸ்வேட் பையைப் பிரித்துத் தைத்தவனுக்குத்தான் தெரியும்.

கணக்கு வைத்துக்கொள்வதற்கு ஒரு சாதாரண அட்டவணை போதும். எந்தக் கேள்வி, எந்த வடிவம், எங்கே போட்டது, எந்தத் தேதி, மாறக்கூடிய தகவல் அதில் ஏதாவது இருக்கிறதா. கடைசிக் கட்டம்தான் முக்கியம். ஸ்வேட் விஷயத்தில் குறும்படத்தை நீக்கியபோது, அதே தவறு பையோடு கொடுக்கும் அட்டையிலும் இருந்ததை இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அச்சடித்து 200 அட்டை மிச்சம் இருந்தது. எல்லாவற்றிலும் பேனாவால் ஒரு வரி எழுதிச் சேர்த்தோம், மூன்று பேரும் உட்கார்ந்து.

போன மாதம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் பேசினார். மின்னஞ்சல் பட்டியலில் முதல் நாளிலிருந்து இருப்பவர், அட்டையும் வாங்கியவர், குறும்படத்துக்கு இதயம் போட்டவர். "அண்ணா, நேத்து மழையில பை நனைஞ்சிருச்சு, என்ன பண்ணட்டும்?" என்றார். தயார்ப் பதிலை அனுப்பினேன். மூன்று நாள் கழித்து ஒரு படம் வந்தது. தோல் நன்றாகக் காய்ந்து, வடிவம் கொஞ்சமும் குலையாமல் இருந்தது, ஆனால் உள்ளே இருந்த வெளிர் நிறத் துணியில் மங்கலாகக் கறுப்பு எழுத்துகள். செய்தித்தாளைக் கசக்கி அடைத்திருக்கிறார், ஈரத்தில் மை இறங்கிவிட்டது. 'காகிதம்' என்றுதான் நான் எழுதியிருந்தேன், எல்லா வடிவத்திலும். அன்று இரவே மூலக் கட்டுரையில் 'அச்சடிக்காத வெள்ளைக் காகிதம்' என்று மாற்றினேன், மின்னஞ்சலிலும் தயார்ப் பதிலிலும் மாற்றியாயிற்று. அட்டை அடுத்த அச்சில் மாறும். குறும்படத்தை மட்டும் மறுபடி எடுக்க வேண்டும். அவருடைய பையையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், உள்துணியைப் பிரித்து மாற்றுவதையும் சேர்த்தே எடுத்துவிடலாம் என்று.